குளியலறையில் ஒரு குரோம் தொட்டி

கெப்பாலா பத்தாஸ்
3 மே 2024

தம்பி ஹைதருக்கு,

ஸலாம். உன் பின்கட்டுக் குளியலறைக் கொலாத் தொட்டி காலியாகும் வரை உன்னோடு வாயால் பேச மாட்டேன் என்று பெருநாளன்று உன் வாசலில் நின்று சத்தியம் செய்தேன். அது அப்படியேதான் இருக்கிறது. ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போட்டால் மறுபடியும் எழுதுவேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

விருந்தாளிகள் முன்னால் கத்தியது என் தப்பு. உன் மாமியார், ஹுஸ்னாவின் அம்மா, கையில் பிடித்த ரெண்டாங் கறித் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் என்ன செய்வேன்? கை கழுவப் போனவள் குளியலறைக் கதவைத் திறந்து பார்க்கிறேன், அத்தா கட்டிய ஏழடிச் சிமெண்டுத் தொட்டியில், நாமெல்லாம் மொண்டு குளித்த, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்த அதே கொலாவில், கறுப்பு பிளாஸ்டிக் விரித்து ரத்தம் கட்டின நிறத்தில் திராவகம் நிற்கிறது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் பந்துகள் மிதக்கின்றன. ஒரு லாரி பம்பர் கம்பியில் தொங்கிக்கொண்டு பாதி முழுகிக் கிடக்கிறது.

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். குரோமியம் சேர்ந்த பொருளை ஒரு சிட்டிகை எடுக்க வேண்டுமென்றால் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும் எனக்கு. நீ தொட்டி நிறைய வைத்துக்கொண்டு அடுத்த அறையில் ஏழு வயது மகள் ஐனாவைத் தூங்க வைக்கிறாய்.

உன் விரல்களைப் பார்த்தேன். நகத்தோரம் மூன்று குழி, ஆணியால் தோண்டியது மாதிரி. "வலிக்கலை ராத்தா" என்று சிரித்தாய். வலிக்காமல் குழி விழுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐனாவின் தலையணை உறையிலும் ரத்தப் பொட்டு இருந்தது. ஹுஸ்னாவைக் கேட்டால் வெயில் சூட்டில் மூக்கு ரத்தம் என்கிறாள்.

அதைக் காலி செய்துவிடு தம்பி. நான் சண்டைக்காக எழுதவில்லை, பயந்துபோய் எழுதுகிறேன்.

ராத்தா
ஜன்னத்


ஜார்ஜ்டவுன்
9 மே 2024

ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். போஸ்ட்மேன் உறையை நீட்டியபோது எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. இந்தக் காலத்தில் கடிதம் போடுகிற ஆள் கோர்ட்டும் நீங்களும்தான்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் அன்று "விஷம், விஷம்" என்று கூப்பாடு போட்டதில் இருந்து என் மாமியார் வாரம் ஒரு தடவை ஃபோனில் விசாரிக்கிறார். அது துரு எடுக்கிற சோப்புத் தண்ணி, ராத்தாவுக்கு எதைப் பார்த்தாலும் ஆய்வக நினைப்பு என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன். ஹுஸ்னாவும் அப்படித்தான் நம்புகிறாள். தயவு செய்து கெடுத்து விடாதீர்கள்.

நான் நேற்று முளைத்த ஆள் இல்லை. பதினாறு வருஷம் குரோம் பூச்சுப் போடும் பிளேட்டிங் தொழிற்சாலையில் நின்றவன். அதை மூடியபோது பூச்சுக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய ரெக்டிஃபையரையும் மிச்ச அமிலத்தையும் மானேஜரே ஒரு வாடகை லாரியில் ஏற்றி விட்டார். லாரி பம்பர், பஸ் பம்பர் மாதிரி நீளச் சாமான்களைத் தனி ஆளுக்குச் செய்து கொடுக்க இங்கே எவன் இருக்கிறான்? அடியில் போடும் நிக்கல் பூச்சை வெளியே போட்டு வாங்கிவிடலாம். குரோம் தொட்டியைத்தான் எவனும் வெளி ஆளுக்குத் திறந்துவிட மாட்டான். புதுத் தொட்டி செய்ய எங்கே போவேன் என்று உட்கார்ந்திருந்தபோதுதான் கொலா கண்ணில் பட்டது. பம்பர் ஆறரை அடி, கொலா ஏழடி. அளவெடுத்துக் கட்டியது மாதிரிப் பொருந்தியது.

அந்தப் பந்துகளைக் கிண்டல் செய்யாதீர்கள், அவைதான் புகை மேலே கிளம்பாமல் மூடி வைக்கின்றன. பின் ஜன்னலில் காற்றாடி வைத்திருக்கிறேன். கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி என் சட்டைப்பையில். விரல் குழி எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் இருந்தது. ஐனாவுக்கு வெயில் சூடுதான்.

போன வாரம் ஷேக் அலாவுதீன் அண்ணன் தன் லாரி பம்பரை எடுத்துப் போக வந்தார். அதில் தன் முகத்தைப் பார்த்ததும் தலையில் இருந்த சொங்கோக் தொப்பியைக் கழற்றிச் சரியாக வைத்துக்கொண்டார். வேலை போய் எட்டு மாதத்தில் அன்றுதான் நான் வயிறாரச் சோறு தின்றேன். அதை நிறுத்தச் சொல்கிறீர்கள்.

தம்பி
ஹைதர்


கெப்பாலா பத்தாஸ்
14 மே 2024

தம்பி,

சோப்புத் தண்ணி என்றா சொல்லி வைத்திருக்கிறாய்? ஒரு வீட்டில் விஷம் இருப்பது ஒரு பயம். அது விஷம் என்று அந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டும் தெரிவது அதைவிடப் பெரிய பயம். சாவி உன் சட்டைப்பையில் இருக்கிறதாம். உன் சட்டையைத் துவைக்கிறது யார்? ஹுஸ்னாவின் வெள்ளை மல்லுத் துப்பட்டியில் பழுப்புப் பொட்டாக விழுந்திருப்பதை நான் பார்த்தேன். துருக்கறை என்று நினைத்து எலுமிச்சை போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

சரி, உன்னோடு தர்க்கம் செய்து ஜெயிக்க முடியாது. ஒன்றே ஒன்று செய். ஒரு நாள் கரண்டை நிறுத்து. திராவகம் ஆறட்டும். ஆறியதும் அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே பிளாஸ்டிக்கில் பேனாவால் கோடு போடு. மறுநாள் அதே நேரத்தில் வந்து பார். கோட்டிலேயே நின்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இறங்கியிருந்தால் அது எங்கே போயிற்று என்று நீயே யோசி. அத்தா அந்தக் கொலாவைக் கட்டி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. பம்பரின் ஒரு மூலை இடித்தால் போதும், பிளாஸ்டிக் கிழிந்துவிடும்.

இப்போதெல்லாம் ஃபோன் அடித்தால் உன் வீட்டு நம்பரா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.

ஜன்னத்


ஜார்ஜ்டவுன்
20 மே 2024

ராத்தாவுக்கு,

கோடு போட்டேன். உங்களைப் பொய்யாக்கத்தான் போட்டேன்.

மறுநாள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஆவியாகியிருக்கும் என்று தண்ணீர் ஊற்றி மறுபடி கோடு வரைக்கும் நிரப்பினேன். அதற்கு மறுநாளும் அதே இரண்டு விரற்கடை. பந்துகளை ஒதுக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவர்ப்பக்கத்து மூலையில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். எப்போதில் இருந்து கிழிந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதைப் பார்த்த அன்றைக்கே பக்கத்து வீட்டு வடிவம்மாள் அக்கா வந்துவிட்டார். அவர் வீட்டு முற்றத்துக் கிணறு உங்களுக்குத் தெரியும்தானே? குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில் பின் கதவைத் திறந்துவிட்டு நம் வீட்டுக்கும் இறைத்துக்கொள்ளச் சொல்வார். "தம்பி, கெணத்துத் தண்ணி மஞ்சளா வருதுலா. ஒங்க பக்கம் பைப் கிய்ப் ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

பின்னால் சாக்கடையில் எலிகள் செத்து ஊறிக் கிடக்கின்றன, அதுதான் கசிந்திருக்கும், கொஞ்ச நாளைக்குக் கிணற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்லவேளை சொன்னாய் என்று சொல்லி, போய் வாழைப்பழத்தைப் பொரித்து ஒரு தட்டு பீசாங் கோரெங் கொண்டுவந்து கொடுத்தார். ஐனா தின்றாள். என்னால் ஒன்றைக்கூட விழுங்க முடியவில்லை.

கிழிசலுக்கு மேல் வேறு பிளாஸ்டிக்கை ஒட்டியிருக்கிறேன். ராத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் கார் நின்றால் அதிகாரிகளோ என்று எட்டிப் பார்க்கிறேன். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் இவர்கள் கதி என்ன? யாரிடமும் சொல்லி விடாதீர்கள். கையில் ஒரே ஒரு பஸ் பம்பர் பாக்கி இருக்கிறது. அதை முடித்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன்.

ஹைதர்


கெப்பாலா பத்தாஸ்
23 மே 2024

தம்பி,

அந்தப் பஸ் பம்பரைத் தொடாதே. அப்படியே திருப்பிக் கொடு.

வடிவம்மாள் அக்கா கிணற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆனால் எலி என்று நம்பினால் எத்தனை நாள் தொடாமல் இருப்பார்? போய் உண்மையைச் சொல்.

இப்போது செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இந்த மாதிரிக் கழிவை எடுத்துப்போக லைசென்ஸ் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள், உன் பழைய ஃபோர்மேனுக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டு திராவகத்தை டிரம்மில் ஏற்றி அனுப்பு. சாக்கடையில் ஒரு சொட்டு விடாதே. பிளாஸ்டிக்கை உரித்துவிட்டுக் கொலாவில் நல்ல தண்ணீர் நிரப்பி மூன்று நாள் ஊறவை, சிமெண்டு குடித்தது வெளியே வரும். அந்தத் தண்ணீரும் டிரம்மில்தான் போக வேண்டும். அது முடியும் வரை பூட்டு தொங்கட்டும்.

ஹுஸ்னாவிடம் சொல். தொட்டியைக் காலி செய்வதைவிட உனக்கு இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அன்று பொழுது சாய்வதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஜன்னத்


ஆஸ்பத்திரி வராந்தா
1 ஜூன் 2024, பகல்

ராத்தா,

நீங்கள் உள்ளே ஐனாவின் கட்டிலருகே இருக்கிறீர்கள், நான் கதவுக்கு இந்தப் பக்கம். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று ஹுஸ்னா சொல்லிவிட்டாள். நீங்களும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனீர்கள். மருந்துத் தட்டோடு உள்ளே போகிற ஒரு மிஸ்ஸியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். செவ்வாய்க்கிழமை டிரம்கள் போயின. பிளாஸ்டிக்கை உரித்தேன், தண்ணீர் நிரப்பினேன். பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன். வெறும் தண்ணீருக்கு எதற்குப் பூட்டு என்று ஹுஸ்னா கேட்பாள் என்று பயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் கொடுத்த தவணையின் கடைசி மணி வரைக்கும் இழுத்தேன்.

வியாழக்கிழமையே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தேன். பள்ளி விடுமுறை, ஐனா வீட்டில். தொழ வேண்டும், ஒளு எடுக்கத் தண்ணீர் இல்லை. வடிவம்மாள் அக்கா வீட்டுக் கிணற்றில் ஹுஸ்னா எப்போதும்போல் இறைத்திருப்பாள். எலித் தண்ணீர் கசிந்த கிணறு என்று அவளிடமும் நான்தான் சொல்லி வைத்திருந்தேனே. அதனால் கொலாவுக்குப் போனாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மொள்ளவில்லை ராத்தா, டாக்டரிடம் சொன்னதைக் கேட்டேன். மதரஸாவில் நமக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி, தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று பார்த்தாள். நிறம் பார்த்தாள். கொலாவின் உள்பக்கம் பதித்த டைல் மஞ்சள்தானே, அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மோந்து பார்த்தாள், வாசம் இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், சிமெண்டு ஊறிய ருசி என்று நினைத்தாள். நிறையத் தண்ணீர், நிறம், வாசம், ருசி மூன்றும் மாறவில்லை, அதனால் சுத்தம் என்று முடிவு செய்தாள். அது அசுத்தத்துக்கான சட்டம், விஷத்துக்கு இல்லை. ஆனால் அவளுக்கு அதை விஷம் என்று யார் சொன்னது?

ஹுஸ்னா மேலோட்டமாகத்தான் வாய் கொப்பளித்தாள். ஐனா புதிதாகக் கற்றுக்கொண்டவள், எல்லாவற்றையும் மூன்று தடவை முழுசாகச் செய்வாள். வாய் நிறையக் கொப்பளித்தாள். மூக்கில் ஏற்றினாள். தாகம் என்று ஒரு வாய் குடித்தும் இருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது தொழுகைப் பாயில் வாந்தி எடுத்துக் குனிந்து கிடந்தாள்.

இங்கே கொண்டுவந்ததும் டாக்டர் என்னைத்தான் கேட்டார், தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்று. சோப்பு என்றேன். சோப்பு என்றே எழுதிக்கொண்டார். வாந்திக்கு மருந்து கொடுத்து, கொஞ்சம் உட்காருங்கள், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார். மருந்துச் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஐனாவின் மூக்கிலிருந்து ரத்தம் வந்து, தொழுகைக்குப் போட்டிருந்த வெள்ளைத் தெலெகோங் அங்கியில் வடிந்தது. அப்போதுதான் எழுந்துபோய் என்னவென்று சொன்னேன். ஹுஸ்னா பக்கத்தில் நின்றாள். டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

கிட்னியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளை ஒன்றுக்குப் போனாளா ராத்தா? அதை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புங்கள்.

ஹைதர்


கெப்பாலா பத்தாஸ்
12 ஜூன் 2024

தம்பி,

ஐனாவும் ஹுஸ்னாவும் என் வீட்டில் இருக்கிறார்கள். முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது. கிட்னிக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மூக்கினுள் புண் ஆற நாள் ஆகும். மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், எத்தனை மாதம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஹுஸ்னாவுக்கு நாக்கு நுனியில் மட்டும் எரிச்சல்.

குழாயைத் திறந்தால் பிள்ளை கையை நீட்டாமல் நிற்கிறாள். நான் முதலில் ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும், பிறகு அவள் அம்மா. அதற்குப் பிறகும் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை அப்படிப் பார்ப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வடிவம்மாள் அக்காவுக்கு நானே ஃபோனில் உண்மையைச் சொன்னேன். "எலின்னு சொன்னுச்சேமா அந்தத் தம்பி. நான் அந்த எலிக்குத்தானே ப்ளீச் வாங்கிக் கெணத்துல போட்டேன்" என்றார். அதிகாரிகள் வந்து கிணற்றையும் உன் பின்கட்டையும் மூடி நாடா கட்டிப் போனதாகவும், நீ வாசலில் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதாகவும் சொன்னார்.

நானும் குற்றவாளிதான். தவணை கொடுக்க நான் யார்? கிழிசல் பற்றி நீ எழுதிய அன்றே பஸ் ஏறி வந்து ஹுஸ்னாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சத்தியம், தேதி என்று ரோஷம் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். என் தூக்கம் போய்விட்டது.

ஹுஸ்னா உன்னைத் திட்டவில்லை. வீட்டில் ஏன் அமிலம் வைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. வேலை போன மனுசன், ஏதோ செய்து பிழைக்கப் பார்த்தார் என்கிறாள். என்னிடம் பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் என்கிறாள். அவள் கேட்பது ஒன்றுதான். சோறு வடிக்கும்போதும் கேட்கிறாள், துணி காயப்போடும்போதும் கேட்கிறாள். "அந்த நாப்பது நிமிசம் அவர் என்ன நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு?" என்கிறாள். உன் வீட்டுக்குத் திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாளாம்.

என்னால் ஒரு பதிலைக் கற்பனை செய்து சொல்ல முடியும். அதிர்ச்சியில் இருந்தான், புத்தி பேதலித்துவிட்டது என்று. சொல்லவில்லை. நீ எழுது. இந்தத் தடவையாவது உள்ளதை எழுது.

ராத்தா


ஜார்ஜ்டவுன்
16 ஜூன் 2024

ராத்தா,

இதை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். வாசிக்கும்போது எனக்காக எங்காவது குரலைத் தணித்து விடுவீர்கள். அவள் கையிலேயே கொடுங்கள்.

ஹுஸ்னா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நான்கிலும் என் மேல் உனக்கு இரக்கம் வருகிற மாதிரி ஏதாவது ஒன்று வந்துவிட்டது.

எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நன்றாக யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமா என்று யோசித்தேன். பேப்பரில் என் பெயர் வருமா, அபராதமா, ஜெயிலா என்று யோசித்தேன். வீட்டில் இருக்கிற ரெக்டிஃபையரை யார் வீட்டில் மறைத்து வைப்பது என்று யோசித்து, ஷேக் அலாவுதீன் அண்ணன் ஸ்டோர்தான் சரி என்றுகூட முடிவு செய்தேன். ஒரே ஒரு வாந்திதானே, நின்றுவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிள்ளையை நான் நினைக்கவில்லை ஹுஸ்னா. அவள் என் மடியில்தான் இருந்தாள். நீ மருந்துச் சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது, "அத்தா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

போகலாம் என்றேன். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் போகலாம் என்றுதான் சொன்னேன்.

ஹைதர்